பெஞ்சுக்கு அடியில் மருந்துப் பை

ஓய்வு நாளில் நான் யாரிடமும் நல்லபடியாகப் பேசியதில்லை. ஐந்து நாள் மிதித்துவிட்டு ஆறாவது நாள் சும்மா இருப்பது என்பது அக்கா போட்ட சட்டம். கன்னியாகுமரியில் கிளம்பி ஓசூர் வரை இரண்டு பெண்கள், இரண்டு சைக்கிள், ஒரு கூடாரம். அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது, எனக்கு நாற்பத்தேழு. அவளுக்குச் சும்மா இருக்கத் தெரியும். துணி துவைப்பாள், செயினுக்கு எண்ணெய் விடுவாள், மரத்தடியில் மல்லாந்து படுத்துக் காக்கையை வேடிக்கை பார்ப்பாள். எனக்கு அந்த வரம் இல்லை. கால் நின்றால் எனக்கு வாய் ஓட ஆரம்பித்துவிடும்.

எங்கள் முதல் ஓய்வு நாள் எம். புதுப்பட்டிக்குப் பக்கத்தில் வந்தது. முந்தின நாள் சாயங்காலம் ஒரு கிணற்றில் தண்ணீர் கேட்கப் போனோம். அந்த நிலத்துக்காரர், மோட்டார் ரூமுக்குப் பக்கத்திலேயே கூடாரம் போட்டுக்கொள்ளச் சொன்னார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, பேச்சில் ஒரு நிதானம். அண்ணாச்சி என்றே கூப்பிட்டோம். சுற்றிலும் அவருடைய மக்காச்சோளம். ஒரே ஒரு நிபந்தனைதான் விதித்தார்.

"அடுப்பு மட்டும் பத்த வைக்காதீக. அந்தா மஞ்சச் சுவரு தெரியுதுல்ல, அது வெடிக் கம்பெனி. நாளைக்கு ஞாயித்துக்கிளமை, லீவுதான். ஆனாலும் வேணாம். சாப்பாடு வீட்டுலருந்து வந்துரும்."

கூடாரத்தில் படுத்தபடியே அந்தப் பட்டாசுக் கம்பெனிச் சுவரைப் பார்க்க முடிந்தது. உள்ளே சின்னச் சின்ன அறைகள், ஒன்றுக்கொன்று எட்ட எட்டத் தள்ளி. நடுவில் வேப்பமரங்கள். நான் அண்ணாச்சியின் பயத்தைக் கொஞ்சம் அதிகம் என்றுதான் நினைத்தேன். அடுப்பைப் பையை விட்டு எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

காலை ஏழு மணிக்கு அக்கா தன் இன்சுலின் பேனாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"தீர்ந்துடுச்சு. மருந்துப் பையை எடு."

அக்காவுக்குப் பதினோரு வயதிலிருந்து சர்க்கரை. மாத்திரைக்கு அடங்குகிற வகை இல்லை. ஊசி போடாமல் ஒரு வேளை இட்லிகூடச் சாப்பிட முடியாது. சாப்பிடாமல் கிடந்தாலும் சர்க்கரை ஏறிக்கொண்டேதான் இருக்கும். தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் வீட்டில் அந்த ஊசிக்கு ஒரே பெயர்தான், மருந்து. மருந்து போட்டாச்சா, மருந்தை வெயிலில் வைக்காதே, அக்கா மருந்து எடுத்துக்கிட்டாளா பாரு. நான் ஆறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்த கட்டளைகள் இவை. பள்ளிக்கூடமோ கல்யாண வீடோ, எங்கே போனாலும் அவள் பை என் தோளில் இருக்கும். அதில் எனக்கு எரிச்சலும் உண்டு, கர்வமும் உண்டு. எது எப்போது வரும் என்று என்னாலேயே சொல்ல முடியாது.

என் சைக்கிள் பைக்குள் கையை விட்டேன். கை அடியைத் தொடுவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

முந்தின நாள் தாயில்பட்டியைத் தாண்டி ஒரு டீக்கடையில் நின்றோம். அக்கா மருந்துப் பையைத் தன் கேரியரில் எல்லாவற்றுக்கும் மேலாகக் கட்டியிருந்தாள். வெயில் நேராக அதன் மேல் அடித்துக்கொண்டிருந்தது. நான் ரோட்டிலேயே அவளைப் பிடித்துக்கொண்டேன். "ஐம்பத்திரண்டு வயசாச்சு, இன்னும் உனக்கு நான் சொல்லணுமா?" கடையில் இருந்தவர்கள் டீயை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். அது நனைத்து வைத்தால் உள்ளே குளிர்ச்சியாக இருக்கிற வகைப் பை. கடைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, பெஞ்சுக்கு அடியில் நிழலில் வைத்தேன். "இனிமே இது என் பொறுப்பு" என்று அக்காவிடம் சொன்னேன். டீயைக் குடித்தோம், போனிலேயே பணம் அனுப்பினேன், கிளம்பினோம். பொறுப்பு பெஞ்சுக்கு அடியிலேயே தங்கிவிட்டது.

அக்கா விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்தாள். இருநூற்று எண்பது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தாள். அவள் திட்டியிருந்தால் எனக்குப் பரவாயில்லை. போனில் தேடி இரண்டு மருந்துக்கடைகளுக்குப் பேசினேன். ஒன்றில் எடுக்கவே இல்லை. இன்னொன்றில், அந்த இன்சுலின் நாளைக்குத்தான் வரும், வேறு வகை வேண்டுமென்றால் டாக்டர் சீட்டு வேண்டும் என்றார்கள்.

"முதல்ல டீக்கடைக்குப் பேசு" என்றாள் அக்கா. "பை அங்கேதான் இருக்கும்."

பணம் அனுப்பிய எண் போனில் இருந்தது. கடைக்கார அம்மாவே எடுத்தார்.

"அம்மா, நேத்து சைக்கிள்ல ரெண்டு பொம்பளைங்க வந்தோமே, ஞாபகம் இருக்கா?"

"ஆமா, சொல்லுங்க."

"உங்க பெஞ்சுக்கு அடியில எங்க மருந்துப் பையை விட்டுட்டு வந்துட்டோம். கறுப்புப் பை."

"என்ன பை?"

"மருந்துப் பைம்மா. இருக்கா, பாருங்க."

பெஞ்சு இழுபடுகிற சத்தம் கேட்டது. "இருக்கு." குரல் சட்டென்று தணிந்திருந்தது. "ஈரமா இருக்கே."

"ஆமா, நான்தான் நனைச்சு வெச்சேன். அது அப்படித்தான் இருக்கணும். வெயில் மட்டும் படாம பாத்துக்குங்க. சூடு பட்டா அவ்வளவுதான்."

"தூளாவா, அடைச்சதா?"

இது என்ன கேள்வி என்று தோன்றியது. ஆனாலும் பொறுமையாகவே பதில் சொன்னேன். "சின்னச் சின்னக் குழாயில அடைச்சிருக்கும். ஆட்டாம வைங்க."

"எம்புட்டு இருக்கு?"

"நிறைய இருக்கும்மா. ஓசூர் வரைக்கும் போகணும்ல."

இணைப்பு அறுந்தது. திரும்ப அடித்தேன். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு குரல் சொன்னது. மூன்று முறை, நான்கு முறை அடித்தேன். அதே குரல்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வேணும்னே ஆஃப் பண்ணிட்டாங்க. பையில ஏதோ விலை போற சாமான் இருக்குன்னு நினைச்சுட்டாங்க. அதான் எவ்வளவு இருக்குன்னு கேட்டிருக்காங்க." என் வாயிலிருந்து வந்த வார்த்தைகளை எல்லாம் இங்கே எழுத முடியாது.

"யாரைத் திட்டறே?" என்றாள் அக்கா. "வெச்சுட்டு வந்தது நீ."

அப்போதுதான் அண்ணாச்சி இட்லித் தூக்குவாளியோடு வரப்பில் வந்தார். பின்னால் அவர் மனைவி சட்னியும் தண்ணீரும் எடுத்து வந்தார். நான் நடந்ததைக் கொட்டித் தீர்த்தேன். கடைக்காரி திருடி என்பதுவரை சொல்லிவிட்டேன். அண்ணாச்சி தூக்குவாளியைக் கீழே வைத்தார்.

"மருந்துன்னா சொன்னீக?"

"ஆமா."

"சுகரு, ஊசி, அப்படி ஏதும் சொல்லலையா?"

யோசித்துப் பார்த்தேன். சொல்லவில்லை.

"குளாயில அடைச்சிருக்குன்னு வேற சொன்னீகளாக்கும்?" துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இங்கன மருந்துன்னா வெடிக்கு அடைக்கிற மருந்து மட்டுந்தாம்மா. சீக்குக்குத் தின்னா அது மாத்திரை, போட்டா ஊசி. அதுலயும் ஈர மருந்துன்னுட்டீக. அலுமினியப் பவுடரு கலந்த மருந்து நனைஞ்சா தானாச் சூடேறும். ராத்திரி பூரா அடுப்புக்குப் பக்கத்துல அது கெடந்திருக்குன்னு அந்தம்மா நெனச்சிருப்பாக."

"அதுக்கு ஏன் போனை அணைக்கணும்?"

"மருந்து இருக்கிற எடத்துல போன் ஆவாது. கம்பெனி வாசல்லயே வாங்கி வச்சிருவாக. அந்தம்மா கம்பெனியில வேலை பாத்தவுகளா இருப்பாக. பளக்கம்."

திருடி என்று நான் சொன்ன வார்த்தை இன்னும் வாயிலேயே இருந்தது.

"இந்நேரம் அதைக் கெணத்துல தூக்கிப் போட்டிருந்தாலும் போட்டிருப்பாக" என்றார் அண்ணாச்சி. "பைக்குல ஏறுங்க, போயிட்டு வந்துருவோம்."

அக்கா என் கையைப் பிடித்தாள். அவள் உள்ளங்கை காய்ந்திருந்தது. "ஊசி கிடைச்சா சரி, கிடைக்காட்டி ஆஸ்பத்திரிக்குப் போய்க்கலாம். முதல்ல அந்த அம்மாகிட்ட அது என்னன்னு சொல்லு." வாந்தி வந்தால் உடனே ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரி என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அதை அண்ணாச்சியின் மனைவியிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு அக்காவுக்குப் பக்கத்தில் கால் மடக்கி உட்கார்ந்தார்.

அண்ணாச்சியின் பைக் பழைய பைக். வேகம் எடுக்க எடுக்க உதறியது. ஞாயிற்றுக்கிழமையாதலால் ரோட்டில் கம்பெனி வேன்கள் இல்லை. நான் பின்னால் உட்கார்ந்து அந்த எண்ணை அடித்துக்கொண்டே வந்தேன். அந்தப் பகுதியிலேயே அந்தப் பை வெடிக்காது என்று நிச்சயமாகத் தெரிந்த ஆட்கள் நாங்கள் நான்கு பேர்தான். அப்படியும் நான் காதைத் தீட்டிக்கொண்டுதான் போனேன். ஒருவர் ஓடி விழுந்திருப்பாரோ, அவசரத்தில் யாராவது எண்ணெய்ச் சட்டியைத் தட்டிவிட்டிருப்பாரோ, பை கிணற்றில் மிதக்குமோ என்று ஒன்று மாற்றி ஒன்று மனதில் வந்தது. நடுவில் அக்காவின் காய்ந்த கை வந்தது. கும்பிடுகிற பழக்கம் எனக்கு அவ்வளவாக இல்லை. அன்றைக்கு வழியில் தென்பட்ட கோயில்களை எல்லாம் கும்பிட்டேன்.

கடையில் ஆள் இல்லை. அடுப்பு தண்ணீர் ஊற்றி அணைக்கப்பட்டிருந்தது. சட்டியில் பாதி வெந்த வடைகள். எங்கள் பெஞ்சு ஒதுக்குப்புறமாகத் தள்ளிக் கிடந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம், நன்றாகத் தள்ளி, புளியமரத்தடியில் ஒரு கூட்டம். அதில் ஓர் இளம்பெண் துண்டில் சுற்றிய பச்சைக் குழந்தையோடு நின்றிருந்தாள். குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது.

"நீங்கதானா அது?" என்று ஒருவர் என்னை நோக்கி வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அண்ணாச்சி பைக்கை விட்டு இறங்கிக் குறுக்கே நின்றார். "பொறுங்கப்பா. அது சுகர் ஊசியாம். இந்தம்மா தெரியாமச் சொல்லிட்டாக."

யாரும் நம்பினமாதிரி தெரியவில்லை. கையில் தண்ணீர் வாளியோடு நின்ற ஓர் இளைஞர், கடைக்கார அம்மாவின் மருமகன், எரிந்து விழுந்தார். "கெணத்துல போட்டுருதேன்னேன், அத்தை விடல. தண்ணி ஊத்துதேன்னேன், அதுக்கும் விடல. ஈர மருந்துல தண்ணி ஊத்தக் கூடாதுங்காக. போலீசுக்கும் அப்பறம் சொல்லலாம்னுட்டு ஒத்தையில தூக்கிட்டுப் போயிட்டாக." தரிசுக் காட்டைக் கை காட்டினார்.

கரிசல் மண் வெடித்துக் கிடந்த பெரிய தரிசு. கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் குடை விரித்தமாதிரி ஓர் உடைமுள் மரம். அதன் நிழலில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். நான் ஓடினேன். கத்தினால் கேட்கிற தூரம் வந்ததும், "அம்மா, அது வெடி மருந்து இல்லை, ஊசி மருந்து" என்று கத்தினேன்.

அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். "அங்கனயே நில்லுங்க. மொதல்ல செருப்பக் களட்டுங்க. போனையும் வச்சுட்டு வாங்க."

அவசரத்தில் நான் மாட்டிக்கொண்டு வந்தது சைக்கிள் ஷூ. அடியில் இரும்புத் தகடு இருக்கும். ஆபத்து இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் குரலுக்கு எதிராக ஓர் அடி எடுத்து வைக்க முடியவில்லை. ஷூவைக் கழற்றினேன், அதன் மேல் போனை வைத்தேன், முள்ளுக்குள் வெறுங்காலோடு நடந்தேன்.

மரத்தடியில் கோணிச் சாக்கை நான்காக மடித்துப் போட்டு, அதன் மேல் என் பையை வைத்திருந்தார். அவரும் வெறுங்காலோடுதான் இருந்தார். கையில் வளையல் இல்லை, காலில் மெட்டி இல்லை. முந்தானை முடிச்சு ஒன்று கனமாகத் தொங்கியது. எல்லாவற்றையும் கழற்றி அதற்குள் முடிந்திருந்தார். உலோகம் எதுவும் உரசிப் பொறி வந்துவிடக் கூடாது என்கிற கம்பெனிப் பழக்கம்.

நான் மண்டியிட்டுப் பையைத் திறந்தேன். அவர் ஒரு பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்து வெளிச்சத்தில் காட்டினேன். உள்ளே தண்ணீர்போலத் தெளிவாக இருந்தது. பை இன்னும் சில்லென்றுதான் இருந்தது.

"சுகருக்குப் போடுறதா?"

"ஆமாம்மா. எங்க அக்காவுக்கு. எங்க வீட்டுல இதைத்தான் மருந்துன்னு சொல்லுவோம்."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இங்கே வெச்சுட்டுப் போயிருக்கலாமேம்மா" என்றேன். "ஏன் கூடவே நின்னீங்க?"

"நெளலு நகருதுல்ல. வெயில் படக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீக. ரெண்டு தரம் தள்ளித் தள்ளி வச்சேன்."

முந்தானை முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். முடிச்சு அவிழவில்லை. நான் அவிழ்க்கக் கை நீட்டியதும் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப அவுக இன்னும் சாப்பிடலையா?"

"இல்லைம்மா. ஊசி போட்டாத்தான் சாப்பிட முடியும்."

"பெறகு எதுக்கு நிக்கிறீக? போங்க."

அந்தக் குரலையும் மீறத் தோன்றவில்லை. பையை மார்போடு அணைத்து, வழியில் ஷூவையும் போனையும் அள்ளிக்கொண்டு ஓடினேன். பைக் பாதி வழி வந்த பிறகுதான், மன்னிப்பு என்று ஒரு வார்த்தைகூட அவரிடம் சொல்லவில்லை என்பது உறைத்தது.

அக்கா மோட்டார் ரூம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது. வாந்தி வரவில்லை. மீட்டர் முந்நூற்று நாற்பது காட்டியது. பேனாவில் புதுக் குழாயைப் போட்டு, வயிற்றில் குத்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டாள். அண்ணாச்சியின் மனைவி அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். நான் மீட்டரைப் பார்ப்பதும் எழுந்து நடப்பதுமாக இருந்தேன். பகல் சாய ஆரம்பித்தபோது இருநூறுக்குக் கீழே வந்தது. ஆறிப்போன இட்லியை அக்கா சாப்பிட்டாள். மரத்தடியில் நடந்ததை நான் சொல்லச் சொல்ல அவள் மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

"அவங்களுக்குப் போன் பண்ணு" என்றாள்.

பண்ணவில்லை. என்ன சொல்வது என்று தெரியவில்லை. கிணற்று மேட்டில் உட்கார்ந்து வாக்கியங்களைச் சேர்த்துப் பார்த்தேன். எல்லாமே அசிங்கமாக இருந்தன. அண்ணாச்சியிடம் கேட்டேன், அவரும் சிரித்து மழுப்பிவிட்டார். வெயில் இறங்குகிற நேரத்தில் போன் அடித்தது. டீக்கடை எண். அக்கா கையை நீட்டி ஸ்பீக்கரைப் போட்டாள்.

"ஊசி போட்டாகளா?"

"போட்டாச்சும்மா. சாப்பிட்டுட்டாங்க. பக்கத்துலதான் இருக்காங்க."

"சரி. அதைக் கேக்கத்தான் பண்ணேன்."

"அம்மா, என்னை மன்னிச்சிருங்க. நான் சரியாச் சொல்லியிருக்கணும்."

"நீங்க சரியாத்தான் சொன்னீக. வெயில் படக்கூடாது, ஆட்டக்கூடாது, பூராவும் சரிதான்." சிரித்தமாதிரி இருந்தது. "நான் பன்னெண்டு வருசம் மருந்து கலந்தவ. எனக்கு வேற மருந்து தெரியலை."

"அதைத் தொடாம எல்லாரும் வெளியே ஓடியிருக்கலாமே" என்றாள் அக்கா. கேட்க வேண்டும் என்று நான் நினைத்து, கேட்கத் துணியாத கேள்வி.

"செவுத்துக்கு அந்தப் பக்கந்தான் மக படுத்திருந்தா. பிள்ளை பெத்து ஒம்பது நாளு. அவளை எளுப்பி, பிள்ளையத் தூக்கி, வெளியேத்துற நேரத்துக்கு இதைத் தூக்கிட்டுப் போயிரலாம்னு தோணுச்சு." கொஞ்சம் நிறுத்தினார். பின்னால் பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்டது. "அவுக வெளிய வந்து புளியமரத்துக்குப் போனது எனக்குத் தெரியாது. பிள்ளை அளுதுக்கிட்டே இருந்தான். எம்புட்டுத் தூரம் போனாப் போதும்னும் தெரியலை. சரி, அவன் அளுற சத்தம் கேக்காத எடம் வரைக்கும் போயிருவோம்னு நடந்தேன்."

அந்தத் தரிசும் அந்த ஒற்றை மரமும் கண் முன்னால் நின்றன. நான் அந்தத் தூரத்தை ஓடித்தான் கடந்தேன், போகும்போதும் வரும்போதும். அவர் ஆட்டாமல் நடந்திருந்தார்.

"வைக்கட்டுமா? வடை போடணும்" என்றார் அவர்.

மறுநாள் விடியும் முன்பே கூடாரத்தை மடித்தோம். மருந்துப் பையை நனைத்துப் பிழிந்து என் சைக்கிள் பைக்குள் வைக்கப் போனேன். அக்கா அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். சைக்கிளைத் திருப்பினாள்.

"ஓசூர் அந்தப் பக்கம்" என்றேன்.

"தெரியும். முதல்ல டீ" என்று சொல்லிவிட்டு, தாயில்பட்டிப் பக்கமாக மிதித்தாள்.